எண்பதாவது நாற்காலி

கணக்கு டீச்சர் மூன்றாவது முறையாக எண்ணிப் பார்த்தார். எழுபத்தொன்பதுதான் வந்தது.

வரிசைக்குப் பத்து வீதம் எட்டு வரிசை. ஒன்று குறைந்ததால் கடைசி வரிசை பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அது எங்கே போயிருக்கும் என்று டீச்சருக்குத் தெரியும். வருஷா வருஷம் அங்கேதான் போகிறது.

மொத்தமே முப்பது குடும்பங்கள் உள்ள சின்ன கிறிஸ்தவ சபை அது. இலையுதிர் காலம் வந்து, அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பு விழா வைத்தால், ஆளுக்கொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். பூசணிக்காயும் ஆப்பிளும் மேடையில் அடுக்குவது நர்ஸ். பாட்டும் போர்டும் டீச்சர். 'எல்லாரும் உள்ளே வாருங்கள்' என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதி, வாசலில் நிறுத்தியிருந்தார். நாற்காலி போடுவது பிளம்பர்.

அந்த பிளம்பர்தான் ஒரு நாற்காலியை வெளியே கொண்டுபோய், பக்கத்து ஜன்னலுக்குக் கீழே போட்டுவிடுகிறார். பாட்டு ஆரம்பித்ததும் காபி கப்போடு அவர் நைசாக நழுவுவதை டீச்சர் மேடையிலிருந்தே பார்த்திருக்கிறார். பிரசங்கத்துக்கு டிமிக்கி கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது அவருடைய தீர்ப்பு.

"முன்னாடி உங்க அண்ணன் நாற்காலி போடறப்ப ஒண்ணுகூட குறையாது" என்றார் நர்ஸ், வாய் தவறி.

டீச்சரின் முகம் இறுகிப்போனது. ஏழு வருஷத்துக்கு முன்னால், இதே விழாவுக்கு அண்ணன் குடித்துவிட்டு வந்து, அடுக்கி வைத்த பழத்தையெல்லாம் தட்டிவிட்டார். "இனிமே இந்தப் படி ஏறாதே" என்று எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பியது டீச்சர்தான். கோபத்தில் சொன்னது. அதற்காக ஒரு மனுஷன் அப்படியே இருந்துவிடுவதா?

"ஏழு வருஷமாச்சு. கூடப் பிறந்தவ உயிரோட இருக்காளான்னு ஒரு நாள் எட்டிப் பார்த்திருப்பானா? வீம்பு" என்றார் டீச்சர். யாராவது வாசல் பக்கம் வந்தால் டீச்சரின் தலை தானாகத் திரும்புவதை நர்ஸ் கவனித்திருக்கிறார். அதைச் சொல்லத்தான் தைரியம் இல்லை.

மறுநாள், விழா நாளான ஞாயிறு காலை, டீச்சர் முதல் வேலையாக வெளியே போய், நாற்காலியின் மேல் விழுந்திருந்த இலைகளைத் தட்டிவிட்டு உள்ளே இழுத்து வந்தார். எண்பது.

பிளம்பர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"அந்த ஒண்ணை மட்டும் விட்டுடுங்க டீச்சர். அது எனக்கில்ல."

"பின்ன யாருக்கு?"

பிளம்பர் தலையைச் சொறிந்தார். சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாக முணுமுணுத்தார்.

"நல்ல கதை. இன்னைக்கு நீங்க முதல் வரிசையில, என் பக்கத்து நாற்காலி. எப்படி நழுவறீங்கன்னு பார்க்கறேன்."

பிளம்பர் வசமாக மாட்டிக்கொண்டார். சபை நிரம்பியது. ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. டீச்சர் மேடையேறி முதல் பாட்டை எடுத்தார். குரல் அன்றைக்கு நன்றாக வந்தது.

இரண்டாவது சரணத்தில் அவர் கண் பக்கத்து ஜன்னலுக்குப் போனது. அங்கே ஒரு தலை தெரிந்தது. நரைத்த தலை. ஒரு கை ஜன்னல் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. உட்கார்ந்திருந்தால் தலை ஜன்னலுக்குக் கீழே போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. நின்றதால் தெரிந்தது.

அண்ணன்.

டீச்சர் எப்படியோ பாட்டை முடித்துவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்தார். போதகர் பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

"எத்தனை வருஷமா வர்றான்?" என்று டீச்சர் பக்கத்திலிருந்த பிளம்பரிடம் மெதுவாகக் கேட்டார்.

பிளம்பரும் ஜன்னலைப் பார்த்துவிட்டார். இனி மறைத்துப் பயனில்லை.

"ஆறு வருஷமா. குடியை விட்டதுல இருந்து. உங்க கடைசிப் பாட்டைக் கேட்டுட்டு, எல்லாரும் வெளிய வர்றதுக்குள்ள போயிடுவாரு. முட்டியில ஆபரேஷன் ஆகி ஒரு மாசம்தான் ஆகுது டீச்சர். நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"உள்ள வர்றதுக்கு என்ன? வாசல்ல அவ்வளவு பெரிய போர்டு எழுதி வெச்சிருக்கேனே."

"நானும் அதைத்தான் சொன்னேன். 'அது ஊருக்கு எழுதினது, படி ஏறாதேன்னு சொன்னது என்னை மட்டும்தானே'ங்கறாரு."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பிரசங்கத்துக்கு நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்தான். எழுந்தார். போதகர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சபையே பார்த்தது. டீச்சர் தன் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கினார்.

பிளம்பர் அதன் காலைப் பிடித்துக்கொண்டார்.

"நாற்காலி நான் போட்டுக்கறேன் டீச்சர். ஆறு வருஷமா அதைத்தானே போடறேன். நீங்க போய் 'உள்ள வாண்ணா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."