மாத்திரை போட்டவள் வீட்டுக் கதவு

உப்பளத்தில் வெடித்த பாதம் சீழ் வைத்ததால் பேச்சித்தாய்க்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதை விழுங்கிய உடம்பை வெயில் பொசுக்கிவிடும். அதனால், உள்ளே இருப்பவர் உடம்பில் மருந்து சேர்ந்திருப்பதை அறியும் அவள் வீட்டுக் கதவு, மருந்து முடியும்வரை பகலில் திறக்காது.

இன்று கடல் பக்கம் வானம் கறுத்தது. அளத்தில் அவளுடைய உப்பு அம்பாரம் ஓலை போர்த்தாமல் கிடந்தது. மழை விழுந்தால் மொத்தமும் கரைந்துவிடும்.

"வெயிலே இல்லையே, திற!" என்று கதவை அறைந்தாள்.

"மேகத்தைத் தாண்டியும் வெயில் சுடும்மா. மாத்திரை போட்டிருக்கீங்க," என்றது கதவு, பணிவாக.

பக்கத்து வீட்டுச் சந்தனமாரி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். அவளுக்கும் அதே புண், அதே மாத்திரைதான். ஆனால் அவள் தினமும் அதை நாக்குக்கடியில் ஒதுக்கித் துப்பிவிடுவாள். மருந்து சேராத உடம்பை அவள் வீட்டுக் கதவு தடுப்பதில்லை.

"ஒத்தையில ஓலைய இழுக்க முடியாதுக்கா, வாக்கா!"

"ஏட்டி, எப்படி வருவேன்? நான்தான் முழுங்கித் தொலைச்சிட்டேனே!"

சந்தனமாரி வீங்கிய காலை இழுத்துக்கொண்டு தனியே ஓடினாள். ஜன்னல் கம்பியில் முதல் துளி தெறித்தது. பேச்சித்தாய் கதவை ஓங்கி உதைத்தாள்.

"காலு பத்திரம்மா," என்றது கதவு. "நல்லா ஆறிக்கிட்டு வருது."