நடக்காத குழு

திருமுல்லைவாயில் காலனி சங்க அறையில் அன்று இருந்தவர்கள்: பிசியோதெரபி மாணவி தேவிப்பிரியா, முழங்கால் வலிக்காரப் பெண்கள் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டில் நடக்கும் குழு ஆறு, நடக்காத குழு ஆறு. சீட்டுக் குலுக்கிப் பிரித்தது.

காலை நடை முழங்கால் வலியைக் குறைக்குமா? அதுதான் ஆய்வு. கல்லூரி அனுமதி கொடுத்தது. எல்லோரும் சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு மாதம் ஒரு குழு நடக்க வேண்டும், இன்னொன்று நடக்கக் கூடாது.

இன்று கடைசி அளவெடுப்பு.

நடந்தவர்களுக்கு வலி குறைந்திருந்தது. நடக்காதவர்களில் ஐந்து பேருக்கும் அதே அளவு குறைந்திருந்தது. ஆறாமவளான ஞானகுமாரிக்கு மட்டும் கூடியிருந்தது.

"அப்போ நடந்தும் பிரயோஜனம் இல்லைன்னுதானே எழுதணும்?" தேவிப்பிரியாவின் முகம் வாடிவிட்டது.

நடக்காத குழுவிலிருந்து பூங்காவனம் மெல்ல இழுத்தாள். "நாங்களும் நடந்தோம் கண்ணு."

"என்னது!"

"நடக்கிற குழுவுல இருக்கற இந்தத் தாயம்மாவுக்கு தெரு நாயின்னா பயம். தொணைக்கு வாடின்னா, போனேன். என்னைப் பாத்து இதுங்க நாலும் வந்துச்சு."

"கையெழுத்துப் போட்டீங்களேம்மா! இந்த ஆய்வை வெச்சுதான் எனக்குப் பட்டமே!"

"வலி கொறையுதுன்னு தெரிஞ்சப்புறம் எவ உக்காந்துகினு இருப்பா?" என்றாள் தாயம்மாள்.

"ஏன், நம்ம ஞானகுமாரி இல்ல? எத்தினி வாட்டி கூப்ட்டோம். ஊட்ட விட்டு அசையல, சோம்பேறி! இப்போ வலி ஏறிக்கினு கீது பாரு," என்றாள் பூங்காவனம். எல்லோரும் சிரித்தார்கள்.

தேவிப்பிரியா ஐந்து பெயர்களை அடித்தாள். பிறகு ஞானகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஒருத்தராவது சொன்னபடி சும்மா இருந்தீங்களேம்மா."

ஞானகுமாரி நெளிந்தாள். "சும்மா எங்க இருந்தேன்? இவங்க புள்ளைங்க, மருமகளுங்க எல்லாம் விடியறதுக்குள்ள கம்பெனி பஸ் ஏறிடுதுங்க. இவங்களும் நடக்கப் போயிட்டா பேரப் பசங்கள யாரு பாக்கறது? அத்தினியும் என் ஊட்லதான். ஒண்ண எறக்கினா இன்னொண்ணு தூக்குன்னு அழுவுது..."

சிரிப்பு நின்றது. பூங்காவனம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

தேவிப்பிரியா பேனாவை எடுத்தாள். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆறாவது பெயரையும் அடித்தாள்.

நடக்காத குழுவில் சும்மா இருந்தவர்கள், மீதி: பூஜ்யம்.