எட்டாவது இடம்

பெண்கள் ஐஸ் ஹாக்கிப் பருவம் தொடங்க மூன்று நாட்களே இருந்தன. அந்தப் பனி நகரத்தின் தமிழ் வானொலியில் எட்டு அணிகளின் வாய்ப்புகளையும் நேரலையில் அலசிக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் அணியின் கோல்காப்பாளர் நிரோசினி விருந்தினராக வந்திருந்தாள். புதிதாக வந்த இளம் கோல்காப்பாளருக்கு இடம்விட்டு, இந்த நிகழ்ச்சியிலேயே ஓய்வை அறிவித்துவிடும்படி அணி மேலாளர் இரத்தினவேல் காலையில் ஒரு தாளில் எழுதியே கொடுத்திருந்தார்.

"உங்கட அணிக்கு எட்டாவது இடம் எண்டுதான் பத்திரிகைக்காரர் எல்லாரும் எழுதியிருக்கினம்," என்று தயங்கினார் அறிவிப்பாளர் கஜரூபன். "ரெண்டு தரம் முழங்கால் ஒப்பரேசன் செய்த முப்பத்தாறு வயசுக்காரியை நம்பினா அவ்வளவுதானாம்."

"முழங்காலைப் பற்றிச் சரியாத்தான் எழுதியிருக்கினம்."

"அப்ப ஓய்வு பெறப் போறீங்களோ அக்கா?"

நிரோசினி தாளை மேசையில் கவிழ்த்து வைத்தாள். ஒலிவாங்கிப் பக்கம் குனிந்தாள். குரல் தெளிவாகவே வந்தது.

"வெள்ளிக்கிழமை கோலுக்கு முன்னால நான்தான் நிப்பன். எட்டாவது எண்டு எழுதினவை முன்வரிசையில வந்து இருக்கட்டும்."

அவளுடைய கைத்தொலைபேசி அதிர்ந்தது. அழைத்தவர் இரத்தினவேல். அவள் அழைப்பை ஏற்று, தொலைபேசியை ஒலிவாங்கிக்கு அருகில் பிடித்தாள்.

"சொல்லுங்கோ அண்ணை, எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கினம்."