ரோல்ஸும் இருபத்திரண்டு படிகளும்

"டீச்சர், உங்கட நாய் இன்டைக்கும் கீழ வந்திச்சு."

பஸ்ஸிலிருந்து இறங்கிய அனற் இன்னும் குடையைக்கூட மடக்கவில்லை. படிக்கட்டின் அடியில் தன் ஹாட்வெயார் கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த றவூப் தொடங்கிவிட்டார்.

"கீழ வர விட வேணாமெண்டு எத்தின தரம் செல்லிட்டன்?"

"சரி நானா." முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"திங்கிற சாமானோட பேர வேற வச்சீக்கிறீங்க. ரோல்ஸாம்!"

நீளமாக, பொன்னிறமாகப் பொரித்தெடுத்தது போல இருந்ததால் வைத்த பெயர். ரோல்ஸ் ஒரு டாஷ்ஹண்ட்.

அனற் நாயை நெஞ்சோடு அணைத்து, ஒரு கையை முன்னுக்கும் மறு கையைப் பின்னுக்கும் கொடுத்துத் தூக்கிக்கொண்டு மேலே வீட்டுக்குப் போகும் இருபத்திரண்டு படிகளையும் ஏறினாள். கண்டி மிருக டொக்டர் அப்படித்தான் தூக்கச் சொல்லியிருந்தார்.

"ஜெர்மனியில வளைக்குள்ள பூந்து மிருகம் பிடிக்க வளர்த்த சாதி, மிஸ். உடம்பு நீளம், கால் குட்டை. முள்ளந்தண்டுதான் இதுகளுக்கு வில்லங்கம். ஒரு டிஸ்க் ஏற்கெனவே நகர்ந்திருக்கு. நிறையைக் குறைங்க. பாயக்கூடாது, படி இறங்கக்கூடாது. இன்னொரு தரம் நகர்ந்தா பின்னங்கால் ரெண்டும் போயிரும்."

சோற்றை நிறுத்தி, அவித்த போஞ்சிக்காயும் கோழியும் அளந்து வைத்ததில் நிறை குறைந்தது. படிதான் நிற்கவில்லை. வளைவில் அனற் வரும் இரண்டு மணி பஸ்ஸின் ஹோர்ன் கேட்டால் போதும், ரோல்ஸ் கேற்றுக்குக் கீழால் நுழைந்துவிடும். அனற்றும் அக்காவும் பலகை வைத்து அடைத்தார்கள். மண்ணைத் தோண்டிக்கொண்டு போனது. வளைக்குள் புகுந்த பரம்பரை அல்லவா? கட்டிப் போட்டால் துள்ளித் துள்ளி முதுகை முறித்துக்கொள்ளப் பார்த்தது.

"அந்தக் கடைக்கார மனுசனுக்கு நாயக் கண்டாலே ஆகாது," என்றாள் அக்கா கத்தரீனா. "ரோல்ஸ் கிட்டப் போனா சாரத்தத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளிப் போறாரு."

"நாயோட எச்சில் பட்டா அவங்க ஏழு தரம் கழுவணும் அக்கா. அது அவங்க மார்க்கம்."

"மார்க்கம் சரி. தினமும் ஏச்சு எதுக்கு?"

அனற் ரோல்ஸின் சாப்பாட்டை அளக்கத் தொடங்கினாள்.

ஹேவாஹெட்டவில் சித்தி மகளுக்குக் கல்யாணம். நாயையும் கூட்டிக்கொண்டு போய் மூன்று நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை திரும்பினார்கள். தங்கள் ஊரான கடுகண்ணாவையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

படிகளின் இடது ஓரத்தைக் காணவில்லை. அடியிலிருந்து உச்சிவரை சீமெந்துச் சரிவு.

"பார்த்தியா! மேல இருக்கிற அவரோட ஸ்டோருக்குச் சாமான் தள்ளத்தான். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போட்டிருக்காரு. நாளைக்கே கிராம சேவகர்கிட்ட சொல்லு."

அனற்றுக்கும் காது சுட்டது. நாயை அக்காவிடம் கொடுத்துவிட்டு நேரே கடைக்குப் போனாள்.

"நானா, படி ரெண்டு பேருக்கும் பொது."

"ஓ, பொதுதான்."

"தள்ளுவண்டி போக நீங்க உங்க பாட்டுக்குச் சரிவு போட்டா நாங்க எங்க கால் வைக்கிறது?"

றவூப் இடுப்பில் கட்டியிருந்த அகலப் பட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். சீமெந்து மூட்டை தூக்கித் தேய்ந்த முதுகு.

"தள்ளுவண்டியா? ஒன்றரைச் சாண் அகலத்துல என்த தள்ளுவண்டி போற, டீச்சர்?"

அனற் திரும்பிப் பார்த்தாள். ஒன்றரைச் சாண்தான் இருந்தது. வழுக்காமலிருக்கச் சரிவு முழுக்க நெருக்கமாகக் குறுக்குக் கோடுகள் கீறியிருந்தன. உச்சியில் அது ஸ்டோர்ப் பக்கம் திரும்பவேயில்லை. அவளுடைய கேற்றடியில் போய் முடிந்தது.

அக்கா ரோல்ஸை மெல்ல இறக்கிவிட்டாள். அது சரிவை மோந்து பார்த்தது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு உச்சிவரை ஏறியது. அங்கே நின்று ஒருமுறை குரைத்தது. இறங்கியது. மறுபடி ஏறியது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஒவ்வொரு நாளும் அஞ்சாம் படியில நின்டு முனகுவான் டீச்சர்," என்றார் றவூப். "எனக்கும் டிஸ்க் போனதுதானே, அந்த வலி தெரியும். ஏசியாவது மேலயே நிப்பாட்டப் பார்த்தன். கேக்கிறானில்ல."

ரோல்ஸ் இறங்கி வந்து அவருடைய காலடிக்கு ஓடியது. றவூப் வழக்கம்போலச் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"அவனத் தூக்கிட்டுப் போய் மேல விட எனக்கு ஏலாது," என்றார். "சீமெந்து பூச ஏலும்தானே."