தொத்தோரே!

"எங்கே என் தொத்தோரே?" என்று ரயிலிலிருந்து இறங்கும்போதே கூவினாள் அசுந்தா. பொலோஞா நிலையத்தில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பட்டம் வாங்கியவர்களை இத்தாலியில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். மகன் ரோக்கோவோ அந்த வார்த்தையைக் கேட்டதுமே தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

அவன் பட்டம் வாங்கவில்லை. சட்டப் படிப்பில் இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி. பட்டம் பெறுகிறவர்களுக்குச் சூட்டும் லாரல் இலைக் கிரீடத்தை நண்பனிடம் இரவல் வாங்கி, தலையில் வைத்துப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் புளுகு மூன்று மாதமாகச் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை விருந்துக்கு ஊரே வருதுடா! பாதிரியார்கூட வர்றார்" என்றாள் அசுந்தா. "உங்கப்பாகிட்ட முப்பது வருஷமா கேக்குறேன், நீ படிச்ச ஊரைக் காட்டு, காட்டுன்னு. மனுஷன் அசைஞ்சாரா? கடைசியில நானே டிக்கெட் எடுத்துட்டேன்."

"எண்ணெய் ஆலையை யாரு பாக்குறது?" என்று முனகினார் அப்பா கொசிமோ. ஆலிவ் எண்ணெய் ஆட்டினாலும் ஊருக்கு அவர் தொத்தோரே கொசிமோதான். அப்பாவும் மகனும் ஒரே பல்கலைக்கழகம் என்பதில் அம்மாவுக்குத் தலைகால் புரியாத பெருமை.

சாயங்கால ரயிலுக்குள் ஊரைக் காட்டி அனுப்பிவிட்டால் பிழைத்தோம் என்று ரோக்கோ இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடினான். பெரிய சதுக்கத்தில் சான் பெத்ரோனியோ கோயில் முன்னால் அசுந்தா நின்றுவிட்டாள். கீழ்ப்பாதி பளிங்கு, மேல்பாதி வெறும் செங்கல்.

"இதென்னடா, பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க? முடிக்க வக்கில்லாதவங்க எதுக்கு ஆரம்பிக்கணும்?"

ரோக்கோ தலையைக் குனிந்துகொண்டான். அப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

வயிறார தொர்த்தெல்லினி சாப்பிட்டு வெளியே வந்தால், எதிரே அசினெல்லி கோபுரம். அண்ணாந்து பார்த்த அசுந்தா கைதட்டினாள். "வாங்க, மேலே ஏறுவோம்!"

ரோக்கோவுக்குக் குப்பென்று வியர்த்தது. படித்து முடிக்காமல் அந்தக் கோபுரத்தில் ஏறினவன் ஜென்மத்துக்கும் பட்டம் வாங்கமாட்டான் என்பது பொலோஞா மாணவர்களின் ஐதீகம். அம்மாவுக்கு அது தெரியாது. ஆனால் இங்கேயே படித்த அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? ஏறாவிட்டால் குட்டு உடையும், ஏறினால் பட்டமே போகும்.

"முட்டி வலிக்குதும்மா" என்றான் ஈனக்குரலில்.

அப்பா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விடேன் அசுந்தா. அத்தனை மரப்படியும் யாரு ஏறுறது? உயரத்தைப் பாத்தா எனக்குத் தலை சுத்தும்."

"போன வாரம் ஆலைக் கூரைமேல நின்னு ஓடு மாத்தின மனுஷனுக்குத் தலை சுத்துதாம்! ரெண்டு தொத்தோரேயும் இங்கேயே உக்காந்திருங்க, நான் போறேன்" என்று சிவப்புத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு படியேறிவிட்டாள்.

கோபுரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். அப்பா மகன் தோளில் கை போட்டார். அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, தெரிந்தும் அம்மா முன்னால் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டாரே மனுஷர்! அதற்குமேல் ரோக்கோவால் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சிருங்கப்பா. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க."

"என்னத்தடா கண்டுபிடிச்சேன்?"

"நான் இன்னும் பட்டம் வாங்கல. ரெண்டு பரீட்சை பாக்கி. அதனாலதான் கோபுரம் ஏறல."

கொசிமோ விருட்டென்று எழுந்தார். முகம் தக்காளியாய்ச் சிவந்தது. "அடப்பாவி! பெத்தவங்களையே ஏமாத்தினியா? பாதிரியார் மூஞ்சியில எப்படிடா முழிப்பேன்? பொய் சொல்ல வெக்கமா இல்ல?"

அடிக்கக் கையை ஓங்கினார். ரோக்கோ திகைத்துப்போனான்.

"அப்போ உங்களுக்குத் தெரியாதா? பின்னே நீங்க ஏன்ப்பா ஏறல?"

ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. கொசிமோ கோபுர உச்சியைப் பார்த்தார். அங்கே சிவப்புத் துண்டு உற்சாகமாய் ஆடிக்கொண்டிருந்தது. மெல்ல மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மெதுவாப் பேசுடா... முப்பது வருஷமா உங்கம்மாவுக்கே தெரியாது."