வேகத்தடை வந்தால் இறங்கணும்

ஓய்வு பெற்ற ஆடிட்டர் ஆசை ஆசையாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் நெடுஞ்சாலையில் புலி. தெருவில் வேகத்தடையைக் கண்டால் பூனை.

“இறங்கிக்கம்மா. ரெண்டு பேரு பாரத்துக்கு அடி தட்டும்.”

மனைவி முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். “காசைக் கொட்டிக் காரு வாங்கியும் பொண்டாட்டிக்கு நடராஜா சர்வீஸ்! இன்னொரு தடவை இறங்கச் சொன்னீங்க, இதை வித்துட்டுத்தான் மறுவேலை.”

கார் மெல்லத் தாண்டி நின்றது. அவள் நடந்துபோய் ஏறினாள்.

சர்வீஸ் சென்டரில் அவள் பொரிந்து தள்ளியதும் மெக்கானிக் விழித்தார். “முன்பக்கத்தைத் தூக்க பட்டன் இருக்கே மேடம்! சாருக்கு முதல் நாளே காட்டினேனே?”

ஊரார் பொய்க்கணக்கையெல்லாம் பிடித்தவர், கையும் களவுமாகப் பிடிபட்டார்.

திரும்பும் வழியில் சொன்னார்: “கல்யாணமான புதுசுல, மொபெட் பாலத்துல ஏறாதுன்னு உன்னை இறக்கி விடுவேனே... நீ திட்டிக்கிட்டே நடந்து வர்ற அழகைக் கண்ணாடியில பார்ப்பேன். மறுபடி பார்க்கணும்னு தோணுச்சு. காரை வித்துடலாம்.”

“விக்கவெல்லாம் வேணாம். அப்போ அதே மொபெட்டுல நானும் உங்க தங்கச்சியும் மார்க்கெட்டுக்குப் போவோம். பாலத்துல ஒரு நாளும் அது திணறினதில்லை.”

“அப்புறம் ஏன் இறங்கின?”

“நீங்க கண்ணாடியில திருட்டுத்தனமா பார்க்கறதை நானும் பார்த்தேனே!”