யாருக்கும் ஏற்றாத பை

ரத்த வங்கியின் சன்னலில் மதிய வெயில் விழுந்து கிடக்கிறது. பிரசவத்தில் ரத்தம் இழந்த மகளுக்காக ஒரு தாய் சன்னலுக்குள் கை நீட்டி நிற்கிறாள். ரத்தப் பையோடு வந்த செவிலியைத் தொலைபேசி நிறுத்துகிறது. பேசுபவர் நேற்று ரத்தம் கொடுத்த லாரி ஓட்டுநர். அவர் சொல்லும் ரத்தக்கொடை எண்ணும் பையின் எண்ணும் ஒன்றுதான். "காய்ச்சல் கொதிக்குதும்மா. தெருவே கொசுக் காய்ச்சல்ல படுத்திருக்கு. என் ரத்தத்த யாருக்காவது ஏத்திட்டீங்களா?" "இல்லண்ணே. நல்லவேளை கூப்பிட்டீங்க. நிம்மதியாப் படுங்க." மறுமுனையில் பெருமூச்சு கேட்கிறது. செவிலி பையில் சிவப்புச் சீட்டை ஒட்டித் தனியே வைக்கிறாள். இப்போது சன்னல் பக்கம் திரும்ப வேண்டும். "அது என் பொண்ணுக்கு எடுத்ததுதானே கண்ணு?" "ஆமாம்மா. ரத்தம் குடுத்தவருக்குக் காய்ச்சலாம், அதுல கொசுக் காய்ச்சல் கிருமி இருக்கலாம். வேற பை வரச் சொல்றேன்." "அதுவரைக்கும் அவ தாங்குவாளா?" "டாக்டர் பக்கத்துலயே இருக்காரும்மா." நீட்டிய கை மெல்லப் பின்வாங்குகிறது. பிறகு தாய் கேட்கிறாள்: "ரத்தம் குடுத்த அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் ரொம்பவா?"